சிலிண்டர் ஹெட்டின் குழிவை அளந்தறியும் முறை

உத்தர்பாராவில் 1950-களின் பிற்பகுதி முதல் 2014 வரை அம்பாஸடர் மோட்டார் வண்டிகள் செய்யப்பட்டு வந்தன. அவற்றுள் பழையன பலவற்றில் அமைந்த 1489 கன சென்டிமீட்டர் பெட்ரோல் எஞ்சினைப் பிரித்துப் புதுப்பிப்போர் இன்றும் உளர். பிஸ்டனையும் பேரிங்கையும் மாற்றுவதில் காட்டும் சிரத்தையை, ஹெட்டின் குழிவுகளை அளப்பதிலும் அவர்கள் காட்டுதல் அவசியம்.

காரணம் யாதெனில், பழைய ஹெட் பன்முறை சீவப்பட்டிருக்கக்கூடும். சீவுந்தோறும் குழிவு சிறுத்து, அழுத்த விகிதம் ஏறும். அளவு மீறினால் பெட்ரோல் ஆவி சீராக எரியாது வெடித்து எஞ்சின் தட்டும். பிஸ்டன் உருகிக் கெடுதலும் உண்டு. புதுப்பித்த செலவு முழுதும் வீணாகும்.

வேண்டிய பொருள்கள்: 50 க.செ.மீ. கொள்ளும் ப்யூரெட் ஒன்று, ஓரத்தையடுத்துச் சிறு துவாரமிட்ட கனமான பெர்ஸ்பெக்ஸ் தகடு, கிரீஸ், சாயமும் ஒரு துளி சோப்பும் கலந்த நீர்.

செய்முறை: குழிவிலுள்ள கரியை நன்கு சுரண்டி நீக்குக. வால்வுகளின் விளிம்பில் சிறிது கிரீஸ் தடவி அமர்த்துக. எஞ்சினுக்குரிய ஸ்பார்க் பிளக்கையே முடுக்குக. ஹெட்டைக் கவிழ்த்து, துவாரம் அமையும் பக்கம் மட்டும் சற்றே உயருமாறு வைத்து, குழிவைச் சுற்றி மெல்லிய கிரீஸ் இட்டுத் தகட்டை அழுத்துக. ப்யூரெட்டிலிருந்து நீரை மெல்ல விடுக. காற்றுக் குமிழி முற்றும் நீங்கி நீர் துவாரத்தைத் தொட்டவுடன் நிறுத்தி, ப்யூரெட்டில் நீர்மட்டத்தின் அடி வளைவைக் கண்ணுக்கு நேரே வைத்து அளவைக் குறித்துக்கொள்க. இவ்வாறு இருமுறை அளக்க வேண்டும். நீர் தானே இறங்குமாயின் வால்வு சரியாகப் படியவில்லையென்று அறிக. வேலை முடிந்ததும் ஈரத்தைத் துடைத்து எண்ணெய் பூசாவிடில் துருவேறும்.

கணக்கு: இவ்வெஞ்சினின் சிலிண்டர் விட்டம் 73.025 மி.மீ.; பிஸ்டன் ஓட்டம் 88.9 மி.மீ. ஆகவே ஒரு சிலிண்டரில் பிஸ்டன் தள்ளும் கொள்ளளவு 372.3 க.செ.மீ. சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கியிருப்பின் புதிய விட்டத்தைக் கொண்டே கணக்கிடுக. உதாரணமாக, ஹெட்டின் குழிவு 38, இறுகிய நிலையில் கேஸ்கட் 4, பிஸ்டன் தலைப்பள்ளமும் அதன் மேலுள்ள இடைவெளியும் 8 என்று கொள்வோம். மொத்தம் 50. இதனைத் தள்ளும் கொள்ளளவுடன் கூட்ட 422.3; அதை 50-ஆல் வகுக்க, அழுத்த விகிதம் ஏறக்குறைய 8.4. குழிவு 35-ஆகச் சிறுத்திருப்பின், 419.3-ஐ 47-ஆல் வகுக்க 8.9 ஆகும். மூன்றே க.செ.மீ. குறைவு இவ்வளவு வித்தியாசம் விளைப்பது கவனிக்கத்தக்கது.

நான்கு குழிவுகளும் தம்முள் ஒத்திருத்தல் வேண்டும்; அரை க.செ.மீ.க்கு மேல் வேறுபாடு ஆகாது. எது பெரிதோ அதற்கு ஒப்ப மற்றவற்றைச் சிறிது சிறிதாகத் தேய்த்துப் பெருக்கி, மீண்டும் அளக்க. தேய்த்த இரும்பைத் திரும்ப ஒட்ட இயலாது. ஆதலால் அளந்தபின் தேய்ப்பதும், தேய்த்தபின் அளப்பதுமே முறையாகும்.