முதன்முதலாகப் புதுப்பிக்க எந்தப் பழைய டிராக்டரை வாங்கலாம்?

புது டிராக்டர் வாங்க வசதியில்லாத சிறு விவசாயிகள் பலர், பழைய டிராக்டர் ஒன்றைக் குறைந்த விலைக்கு வாங்கி, தாமே பழுது பார்த்து ஓட்டலாம் என்று எண்ணுகிறார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் முதல் டிராக்டரைத் தேர்ந்தெடுப்பதில் தவறினால் பணமும் உழைப்பும் வீணாகும்.

நானும் அப்படித் தவறியவன். சுமார் 20 ஆண்டுகளுக்கு முன், எங்கள் குடும்ப நிலத்துக்காக, என்ஜினைப் பிரித்துப் போட்டிருந்த டிராக்டர் ஒன்றை வாங்கினேன். பாகங்கள் மூன்று சாக்குகளில் இருந்தன. "எல்லாம் இருக்கிறது, மாட்ட வேண்டியதுதான்" என்றார் விற்றவர். வீட்டுக்குக் கொண்டுவந்து எண்ணிப் பார்த்தால் டீசல் பம்பும் ஹைட்ராலிக் பம்பும் இல்லை. இரண்டு பட்டம் புளிய மரத்தடியில் கிடந்தது. கடைசியில், அதற்காக அடகு வைத்த நகையை மீட்க, பழைய இரும்பு விலைக்கே போட்டேன்.

ஆகவே, முதல் டிராக்டர் முழுமையாக இருக்க வேண்டும். சுமாராகவாவது ஓட வேண்டும். ஓடும் வண்டியில் குறை எது என்று தெரியும். பிரித்துப் போட்டதில் அது தெரியாது.

கணக்குப் பாருங்கள்

வண்டியின் விலையை மட்டும் பார்க்காதீர்கள். பின் டயர்கள், பாட்டரி, என்ஜின் வேலை ஆகியவற்றின் இன்றைய விலையை விசாரித்துக் கூட்டுங்கள். கையில் உள்ள பணம் முழுவதையும் விலையாகக் கொடுத்துவிட்டால் வண்டி நின்றுவிடும். வருடத்தில் சில நாள் உழவு மட்டுமே உள்ளவர்கள், வேளாண்மைப் பொறியியல் துறையின் வாடகை டிராக்டரோடு ஒப்பிட்டுப் பார்த்து முடிவு செய்வது நல்லது.

எந்த மாடல்?

உங்கள் வட்டாரத்தில் அதிகம் ஓடும் மாடலே சிறந்தது. மாசி பெர்குசன் 1035, மகிந்திரா, சுவராஜ் போன்றவை பல ஊர்களில் உழுகின்றன. பழகிய மெக்கானிக்குகளும் உண்டு. ஹெச்.எம்.டி. நல்ல உழைப்பாளி. ஆனால் அதன் டிராக்டர் பிரிவை மூட 2016-ல் மத்திய அரசு முடிவெடுத்தது. இத்தகைய வண்டி மலிவாகக் கிடைத்தால், உதிரி பாகம் கிடைக்குமா என்று கடையில் கேட்ட பிறகே விலை பேசுங்கள்.

நேரில் பார்க்கும் முறை

காலையில், என்ஜின் குளிர்ந்திருக்கும்போது போங்கள். முதலில் என்ஜினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், உங்களுக்காக முன்கூட்டியே ஓட்டி வைத்திருக்கிறார்கள் என்று பொருள்.

1. ஆயில் குச்சியை எடுத்துப் பாருங்கள். ஆயில் பால் கலந்த காபிபோல் இருந்தால் தண்ணீர் கலந்துள்ளது. கேஸ்கெட் போயிருக்கலாம், பிளாக் வெடித்தும் இருக்கலாம்.

2. புகையைக் கவனியுங்கள். சூடான பிறகும் நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. கரும்புகை தொடர்ந்து வந்தால் காற்று வடிகட்டி, நாசில், டீசல் பம்பு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

3. ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றுங்கள். புகை புஸ்புஸ் என்று அடித்தால் பிஸ்டன் ரிங், லைனர் தேய்ந்துள்ளன.

4. என்ஜின் சூடான பின் ஆயில் அழுத்தம் மிகவும் இறங்கினால் பேரிங் தேய்ந்திருக்கலாம்.

5. கலப்பையை மாட்டித் தூக்கி என்ஜினை நிறுத்துங்கள். மளமளவென்று இறங்கினால் ஹைட்ராலிக்கில் கசிவு உண்டு. கலப்பையின் கீழ் கை கால் வைக்கக் கூடாது.

6. எல்லாக் கியரிலும் சுமையோடு ஓட்டுங்கள். கியர் தானாக நழுவினால் அந்த வண்டி வேண்டாம்.

புதுப் பெயிண்டைக் கண்டு மயங்காதீர்கள். அதன் அடியில் வெல்டிங் அடித்த விரிசல் இருக்கலாம்.

எதைச் சரி செய்யலாம்?

ஒயரிங், வடிகட்டிகள், ரேடியேட்டர் குழாய், சீட், தகரம் ஆகியவற்றைப் புதியவரே செய்யலாம். கிளட்ச் தட்டு மாற்ற, டிராக்டரை நடுவில் இரண்டாகப் பிரிக்க வேண்டும். மெக்கானிக் உடன் இருக்கட்டும். டீசல் பம்பைத் தொடாதீர்கள். அதற்கென்று உள்ள பட்டறையில் கொடுங்கள். கியர் பெட்டி, கிரவுன் பினியன் போன வண்டியை முதல் வண்டியாக வாங்கவே கூடாது.

ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் அடியில் படுக்காதீர்கள். கனமான மரக்கட்டைகளை முட்டுக் கொடுங்கள்.

ஆவணங்கள்

ஆர்.சி. புத்தகத்திலுள்ள என்ஜின் எண்ணும் சேசிஸ் எண்ணும் வண்டியில் உள்ளவற்றோடு ஒத்திருக்க வேண்டும். பதிவு 15 ஆண்டுகளுக்கே செல்லும். பிறகு புதுப்பித்திருக்க வேண்டும். வங்கிக் கடன் குறிப்பு இருந்தால், கடன் தீர்ந்ததற்கான படிவம் 35-ஐ வங்கியின் கையெழுத்தோடு பெறுங்கள். பெயர் மாற்ற படிவம் 29, 30 வேண்டும். இவை இல்லாமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

விலை பேசப் போகும்போது, அதே மாடலை வைத்திருக்கும் பக்கத்துத் தோட்டக்காரரையும் உள்ளூர் மெக்கானிக்கையும் அழைத்துச் செல்லுங்கள். மெக்கானிக்குக்குக் கொடுக்கும் ஒரு நாள் கூலி வீண்போகாது. நான் அன்று அந்தக் கூலியை மிச்சம் பிடித்தேன், டிராக்டரையே இழந்தேன்.