காற்றிலிருந்து கரியமில வாயுவைப் பிரித்தல்: ஒரு பொருளாதாரக் கணக்கு

ஐஸ்லாந்தில் ஹெல்லிஷெய்டி என்னுமிடத்தில் உள்ள புவிவெப்ப மின் நிலையத்தை ஒட்டி, 2021 செப்டம்பரில் ‘ஓர்கா’ என்னும் ஆலை இயங்கத் தொடங்கியது. காற்றில் கலந்துள்ள கரியமில வாயுவைப் பிரித்தெடுப்பதே அதன் பணியாகும். மின்விசிறிகள் காற்றை உள்ளிழுக்க, வடிகட்டியிலுள்ள வேதிப்பொருளில் இவ்வாயு ஒட்டிக்கொள்கிறது; பின்னர் வடிகட்டியை ஏறத்தாழ 100 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றி, வாயுவைத் தனியே பெறுகின்றனர். அது நீரில் கரைக்கப்பட்டு நிலத்தடிப் பசால்ட் பாறையினுள் செலுத்தப்படுகிறது. அங்கே கால்சியம் முதலியவற்றுடன் கூடிக் கல்லாகிறது. முன்னதாக 2012-இல் அதே இடத்தில் சோதனையாகச் செலுத்தப்பட்ட வாயுவில் 95 விழுக்காட்டுக்கு மேல் இரண்டாண்டுகளுக்குள் கல்லாயிற்று என 2016-இல் வெளியான ஆய்வு காட்டிற்று.

சிக்கல் புதைப்பதில் இல்லை, பிரிப்பதில்தான் உள்ளது. அனல்மின் நிலையப் புகையில் எட்டில் ஒரு பங்கு கரியமில வாயு. திறந்த வெளிக் காற்றிலோ சுமார் 2,400 மூலக்கூறுகளில் ஒன்றே அது. ஆகவே காற்றிலிருந்து ஒரு டன் வாயுவைப் பிரிக்க, வெப்பமும் மின்சாரமுமாகச் சேர்த்து 2,000 யூனிட் அல்லது அதற்கும் மேற்பட்ட ஆற்றல் செலவாகிறது.

பொருளியலார் கூறும் ‘வாய்ப்புச் செலவு’ என்னும் கருத்தை இங்கே பொருத்திப் பார்க்கலாம். இந்தியாவில் நிலக்கரியைக் கொண்டு ஒரு யூனிட் மின்சாரம் உற்பத்தி செய்யும்போது ஏறத்தாழ ஒரு கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது. மேற்கூறிய ஆற்றல் முழுவதையும் அம்மின்சாரத்திலிருந்தே பெற்றால், ஒரு டன்னைப் பிடிக்க இரண்டு டன்னை வெளிவிட நேரும். சூரிய மின்சாரத்தைப் பயன்படுத்தினால் என்ன என்று மாணவர் வினவக்கூடும். நியாயமான வினாவே. ஆனால் அந்த 2,000 யூனிட்டை மின்தொகுப்பில் சேர்த்து, அதே அளவு நிலக்கரி மின்சாரத்தைக் குறைத்தால் இரண்டு டன் தடுக்கப்படுகிறது. காற்றைச் சலிக்கச் செலவிட்டால் கிடைப்பது ஒரு டன்னே. ஐஸ்லாந்தின் நிலை வேறு. அங்கு குறைப்பதற்கு நிலக்கரி மின்சாரம் இல்லை. வெப்பத்தையும் பூமியே தருகிறது. அவ்வாறிருந்தும் ஓர்காவின் திட்டமிட்ட கொள்திறன் ஆண்டுக்கு 4,000 டன். 2024-இல் அருகில் தொடங்கப்பட்ட ‘மம்மத்’ ஆலையினுடையது 36,000 டன். எரிபொருள்களால் உலகில் ஆண்டுதோறும் வெளியாவதோ ஏறத்தாழ 3,700 கோடி டன்.

இதனால் இத்தொழில்நுட்பம் நமக்கு வேண்டாததென்று கொள்ளலாகாது. 2070-க்குள் நிகர உமிழ்வைச் சுழியமாக்குவதாக இந்தியா 2021-இல் கிளாஸ்கோ மாநாட்டில் அறிவித்தது. எரிபொருளை மாற்றினாலும், சிமெண்டு ஆலையில் சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போது வரும் வாயு நிற்காது. அதனைப் புகைபோக்கியிலேயே பிடிப்பது சிக்கனமானது. அங்கும் தப்பிச் செல்லும் எச்சத்துக்கே காற்றைச் சலிக்கும் ஆலை தேவைப்படும். புதைப்பதற்குத் தக்காணத்தில் ஏறத்தாழ 5 லட்சம் சதுர கிலோமீட்டரில் பசால்ட் பரந்துள்ளது. எனினும் அது 6 கோடி ஆண்டுகளுக்கு மேல் பழமையானது. ஐஸ்லாந்தின் இளம்பாறையில் போல் அதன் நுண்துளைகள் திறந்துள்ளனவா, அன்றி வேறு கனிமங்களால் அடைபட்டுவிட்டனவா என்பதை இடத்துக்கு இடம் ஆழ்துளையிட்டே அறிய இயலும்.