சுவாமிமலைச் சிற்பியின் பட்டறை

தஞ்சை மாவட்டத்தில், கும்பகோணத்திற்கு அணித்தாகக் காவிரிக் கரையில் அமைந்த ஊர் சுவாமிமலை. முருகப் பெருமானின் அறுபடை வீடுகளுள் ஒன்றாக இவ்வூரைத் தமிழ் மக்கள் யாவரும் அறிவர். இதற்கு மற்றொரு பெருமையும் உண்டு. திருவிழாக் காலங்களில் வீதியுலா எழுந்தருளும் செப்புத் திருமேனிகளை வார்த்துத் தரும் ஸ்தபதிகள் வழிவழியாக வாழ்ந்துவரும் ஊர் இது. தாராசுரத்து ஐராவதேசுவரர் கோயிலை அமைத்த சிற்பியரின் வழித்தோன்றல்களே தாம் என்பது அவர்கள் மரபில் வழங்கும் செய்தியாகும்.

ஸ்தபதி, ஓர் உருவத்தை மனத்தால் வகுப்பவர். அவ்வுருவத்தைத் தம் கையால் ஆக்குபவரும் அவரே. அவர்தம் இல்லமும் பட்டறையும் ஒன்றாகவோ அடுத்தடுத்தோ அமைந்திருத்தல் வழக்கம். தந்தை தொழில் செய்யுமிடத்திலேயே மைந்தர் வளர்கின்றனர். மெழுகு பிசைதலும் மண் அரைத்தலும் அவர்களுக்கு முதற் பாடங்களாகின்றன. இத்தொழிலாளர்க்குப் பெரிய பொறிகள் தேவையில்லை. அமர்வதற்குத் தரை, உருவத்தை வைப்பதற்கு ஒரு பலகை, இரும்புக் கருவிகளைச் சூடேற்ற ஒரு சிறு கரியடுப்பு, மெழுகைக் குளிர்விக்க நீர் நிறைந்த பாத்திரம், உளிகள், அரங்கள் ஆகியவையே அவர்களுடைய செல்வம். மெழுகு வெப்பத்திற்கு இளகுவது. ஆதலின், மெழுகு வேலைக்கு நிழலும் நல்ல வெளிச்சமும் வேண்டும். உலை வேலைக்கோ திறந்த வெளி வேண்டும். எனவே இவ்விரண்டும் தனித்தனி இடங்களில் நடைபெறும்.

வேலை தொடங்குங்கால் ஸ்தபதி முதலில் எடுப்பது மெழுகன்று, தென்னை ஓலையேயாகும். சிலையின் உயரம் எவ்வளவோ அவ்வளவு நீளத்திற்கு ஓலையை நறுக்கி, அதனை அளவறிந்து மடிப்பர். இதற்கு ஒடியோலை என்று பெயர். மடிப்புக் குறிகள் முகம், மார்பு, தொடை, முழந்தாள் முதலிய உறுப்புகளின் அளவைக் காட்டும். முகத்தின் நீளத்தைத் தாளம் என்றும், அதனைப் பன்னிரண்டாகப் பகுத்த ஒரு கூற்றை அங்குலம் என்றும் சிற்பநூல்கள் வழங்கும். நவதாளத்தில் உருவின் உயரம் 108 அங்குலம். உத்தம தசதாளத்தில் 124 அங்குலம். இவ்வங்குலம் நம் அடிக்கோலில் உள்ள அங்குலம் அன்று. அவ்வச் சிலையின் உயரத்திலிருந்தே பிறக்கும் அளவாகும். ஆதலின் சாண் உயரச் சிலையாயினும் ஆள் உயரச் சிலையாயினும் உறுப்புகளின் பொருத்தம் மாறுவதில்லை.

அளவு அமைந்தபின் மெழுகு வேலை தொடங்கும். தேன்மெழுகுடன் குங்கிலியமும் கடலையெண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிப் பதப்படுத்துவர். தலை, உடல், கை, கால் என்று உறுப்புகளைத் தனித்தனியே பிடித்து, சூடான இரும்புக் கருவியால் அவற்றை இணைப்பர். இளகும்போது நீரில் இட்டு இறுகச் செய்து, மீண்டும் எடுத்துச் செதுக்குவர். ஒடியோலையை அவ்வப்போது வைத்து ஒப்புநோக்குவர். உலோகம் செல்லுதற்குரிய வழியாக மெழுகுத் தண்டுகளைப் பொருத்தியபின், முழு உருவத்தையும் நிறுத்துப் பார்ப்பர். வேண்டிய உலோகத்தின் எடை, மெழுகின் எடையைப்போல் ஏறத்தாழ எட்டு முதல் பத்து மடங்காகும்.

இனிக் காவிரியின் கொடை பயன்படுகிறது. ஆறு கொணரும் நுண்ணிய வண்டல்மண்ணை நன்கு அரைத்து, மெழுகு உருவத்தின்மீது மெல்லிய முதற்பூச்சாகப் பூசுவர். மெழுகில் உள்ள மயிரிழை போன்ற கோட்டையும் அம்மண் பற்றிக்கொள்ளும். அதனை நிழலில் உலர்த்தி, அதன்மேல் வயல்மண்ணும், பின்னர் மணல் கலந்த பருமண்ணும் பூசி, இரும்புக் கம்பியால் கட்டுவர். நெல் விளையும் மண்ணே சிலைக்கும் கருவாக அமைதல் நினைந்து மகிழத்தக்கது.

நன்கு உலர்ந்த கருவை வறட்டித் தீயில் இட்டுச் சூடேற்றினால் மெழுகு உருகி வெளியேறும். உள்ளே வெற்றிடம் எஞ்சும். கருவை வாய் மேல்நோக்குமாறு நிலத்திற் புதைத்து, செம்பு மிகுந்த உலோகக் கலவையை உருக்கி, இழை அறாமல் ஊற்றுவர். கருவில் ஈரம் சிறிதளவு எஞ்சியிருப்பினும் அது நீராவியாகிக் கருவைப் பிளந்துவிடும். அருகில் நிற்போர்க்கும் தீங்கு விளைக்கும். ஆதலின் உலர்த்தும் நாள்களைக் குறைத்து விரைதல் இத்தொழிலில் கூடாது.

மாணவர்களே! இங்கு ஒன்றை நன்கு சிந்தித்தல் வேண்டும். உலோகம் ஆறியபின் கருவை உடைத்தே சிலையை வெளியில் எடுக்க இயலும். மெழுகு உருவம் முன்னரே அழிந்தது. கருவும் இப்போது அழிகின்றது. ஒரு கருவுக்கு ஒரு சிலைதான். மெழுகில் விரல் ஒன்று கோணியிருப்பின் நொடிப்பொழுதில் திருத்தலாம். உலோகத்தில் அதனைத் திருத்துதற்குப் பல நாள் உளியும் அரமும் கொண்டு உழைத்தல் வேண்டும். சில பிழைகள் அங்ஙனமும் தீரா. உருவம் நிரம்பாது போயின், சிலையை மீண்டும் உருக்கி, ஓலை மடிப்பதிலிருந்து தொடங்க வேண்டும். பல நாள் உழைப்பு ஒரு நாழிகையில் வீணாகும். இதனாலன்றோ ஸ்தபதி நாள்தோறும் முதலில் அளவைப் பார்ப்பதும், கருவிகளை அவற்றிற்குரிய இடத்தில் வைப்பதும், உலராத கருவைத் தொடாதிருப்பதும் தம் வாழ்வின் வழக்கங்களாகக் கொண்டுள்ளார்! வார்க்கும் பொழுது மிகக் குறுகியது. அப்பொழுதின் வெற்றி, அதற்கு முற்பட்ட நாள்களின் ஒழுங்கிலே இருக்கின்றது.

சோழர் காலச் சிற்பியர் நுண்ணிய அணிகளையும் மடிப்புகளையும் மெழுகிலேயே முற்றுவித்தனர் என்றும், வார்த்தபின் உளி வேலை அவர்களுக்கு மிகுதியாகத் தேவைப்படவில்லை என்றும் கலை ஆய்வாளர் கூறுவர். தஞ்சை அரண்மனையிலுள்ள கலைக்கூடம் 1951-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. அங்கே திருவெண்காட்டிலிருந்து கிடைத்த இடபவாகன தேவர் திருமேனியைக் காணலாம். அது 1011-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. இறைவன் கையூன்றி நிற்பதற்குரிய விடை இன்று இல்லை. எனினும் அக்கையின் நெகிழ்ச்சியைக் காண்போர்க்கு விடை அங்கு நிற்பதாகவே தோன்றும். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் மெழுகில் எய்திய தெளிவு அது.

இக்கலை இன்றும் வாழ்கின்றது. சுவாமிமலை வெண்கலச் சிலைகள் புவிசார் குறியீடு பெற்றுள்ளன. 2023-ஆம் ஆண்டில் புதுதில்லி பாரத மண்டபத்தில் ஜி-20 நாடுகளின் மாநாடு கூடியபொழுது, அதன் வாயிலில் 27 அடி உயரமும் ஏறத்தாழ 18 டன் எடையும் உள்ள நடராசர் சிலை நிறுவப்பெற்றது. சுவாமிமலை இராதாகிருஷ்ண ஸ்தபதியும் அவர்தம் குழுவினரும் இம்மெழுகு முறையிலேயே அதனை உருவாக்கினர். உருவம் எத்துணைப் பெரிதாயினும் அளவும் மெழுகும் மண்ணும் தீயும் ஒன்றன்பின் ஒன்றாக வரும் முறை மாறவில்லை.

நாம் யாவரும் ஸ்தபதிகள் ஆவதில்லை. ஆயினும் எழுதுவோர்க்கும் கட்டடம் வகுப்போர்க்கும் பொறி அமைப்போர்க்கும் மெழுகுக் காலம் ஒன்று உண்டு. திருத்துதல் எளிதாயிருக்கும் காலம் அது. அக்காலத்தில் சோம்பாது அளந்து, பார்த்து, திருத்திக்கொள்வோர் பின்னர் வருந்தார். மாணவப் பருவம் வாழ்வின் மெழுகுக் காலம் என்பதை உணர்ந்து, இடத்தையும் பொழுதையும் ஒழுங்குபடுத்திக்கொண்டு உழைத்தல் நம் கடமையாகும்.