பாதையின் உரிமை: நாம் அடைக்கும்போதும் நமக்கு அடைக்கப்படும்போதும்

 

 எனக்கும் உங்களுக்கும் தக்வாவைக் கொண்டு வஸிய்யத் செய்தவனாக இன்றைய ஜும்ஆ உரையைத் தொடங்குகிறேன்.

சென்ற வாரம் அஸருக்குப் பிறகு இரண்டு பேர் ஒருவர் பின் ஒருவராக என்னைப் பார்க்க வந்தார்கள். முதலில் வந்தவர் ஆட்டோ ஓட்டுகிற ஒரு தம்பி. "ஹஜ்ரத், பள்ளிக்கூடம் விடுற நேரத்துல தெரு முனையில தடுப்பு போட்டு ஆட்டோவை உள்ள விட மாட்டேங்கிறாங்க. அந்த ஒரு மணி நேரம்தான் எனக்குச் சவாரி. வண்டித் தவணை எப்படிக் கட்டுறது?" என்று கேட்டார். அவர் போன சற்று நேரத்தில் அதே தெருவில் குடியிருக்கும் ஒரு பெரியவர் வந்தார். "ஹஜ்ரத், தடுப்பு வெச்ச பிறகுதான் நான் கம்பை ஊன்றிக்கிட்டு நிம்மதியா பள்ளிவாசலுக்கு வர்றேன். அதை எடுக்கச் சொல்லி ஆள் சேர்க்கிறாங்களாம். நீங்க சொல்லிவைங்க" என்றார்.

தெரு ஒன்று, தடுப்பு ஒன்று. ஒருவருக்கு அது வயிற்றுப்பாடு, மற்றவருக்கு உயிர்ப் பாதுகாப்பு. இருவருமே பொய் சொல்லவில்லை. அப்படியானால் இந்தப் பிரச்சினையை எந்தத் தராசில் வைத்து நிறுப்பது? மார்க்கம் இதற்கு வழி காட்டியிருக்கிறது.

நபியவர்கள் விதித்த தடை

நபி (ஸல்) அவர்கள் ஒருமுறை, பாதைகளில் உட்காருவதைத் தவிர்த்துக்கொள்ளுங்கள் என்று தோழர்களுக்குச் சொன்னார்கள். அபூஸயீத் அல்குத்ரீ (ரலி) அறிவிக்கும் இந்தச் செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. இது தெருவைப் பற்றி வந்த ஒரு கட்டுப்பாடு. அதைக் கேட்ட ஸஹாபாக்கள் என்ன செய்தார்கள்? தங்களுக்கு வேறு இடம் இல்லை, அங்கேதான் உட்கார்ந்து பேசிக்கொள்கிறோம் என்று தங்கள் சிரமத்தை எடுத்துச் சொன்னார்கள். நபியவர்கள் கோபப்படவில்லை. அப்படி உட்கார்ந்தே ஆக வேண்டுமென்றால் பாதைக்கு அதன் உரிமையைக் கொடுத்துவிடுங்கள் என்றார்கள். பாதையின் உரிமை என்ன என்று தோழர்கள் கேட்டபோது, பார்வையைத் தாழ்த்துவது, தொல்லை தராமல் இருப்பது, ஸலாமுக்குப் பதில் சொல்வது, நன்மையை ஏவித் தீமையைத் தடுப்பது என்று விளக்கினார்கள்.

இந்த ஹதீஸை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். ஆனால் அது நடந்த முறையைக் கவனியுங்கள். முதலில் தடை வந்தது. அடுத்து, பாதிக்கப்படுபவர்கள் மரியாதையோடு தங்கள் நிலையைச் சொன்னார்கள். பிறகு தளர்வு கிடைத்தது, அந்தத் தளர்வோடு பொறுப்பும் வந்தது. இடம் கேட்டு வாங்கியவர்கள் அந்த இடத்தின் கடமைகளையும் சேர்த்தே வாங்கினார்கள். தடை போடுகிறவர்கள் குறையைக் கேட்க வேண்டும். குறை சொல்கிறவர்கள், தளர்வு கிடைத்தால் பொறுப்போடு நடக்க வேண்டும். இரண்டு பாடமும் இதில் இருக்கிறது.

தாளவாடி மக்களும் திம்பம் மலைப்பாதையும்

நம் தமிழ்நாட்டிலேயே அண்மையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஈரோடு மாவட்டத்தில் பண்ணாரியிலிருந்து மேலேறும் திம்பம் மலைப்பாதையைச் சிலர் பார்த்திருப்பீர்கள். 27 கொண்டை ஊசி வளைவுகள். சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்தின் நடுவே கர்நாடகம் நோக்கிப் போகிற தேசிய நெடுஞ்சாலை அது. இரவில் வாகனங்களில் அடிபட்டுச் சிறுத்தை, மான் போன்ற வாயில்லா ஜீவன்கள் சாவது தொடர்ந்தது. அதனால் 2019ஆம் ஆண்டு மாவட்ட நிர்வாகம் இரவுப் போக்குவரத்துக்குத் தடை அறிவித்தது, ஆனால் அது நடைமுறைக்கு வரவில்லை. 2022 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அதை அமல்படுத்தச் சொன்னது. பிப்ரவரி 10 முதல் தடை நடைமுறைக்கு வந்தது.

நோக்கம் நல்லது. ஆனால் மலைக்கு மேலே தாளவாடிப் பகுதியில் மக்கள் இருக்கிறார்கள். காய்கறி விளைவிக்கிற விவசாயிகள் அவர்கள். சந்தை, பெரிய ஆஸ்பத்திரி என்று பலவற்றுக்கும் கீழே சத்தியமங்கலத்துக்கு இறங்க வேண்டியிருக்கிறது. அவர்கள் கடைகளை அடைத்தார்கள், போராட்டம் நடத்தினார்கள், நீதிமன்றத்திலும் தங்கள் நிலையை எடுத்துரைத்தார்கள். சில வாரங்கள் கழித்து நீதிமன்றம் தடையைத் திருத்தியது. கனரக வாகனங்களுக்குக் கட்டுப்பாடு நீடித்தது. அந்தப் பகுதியிலேயே குடியிருக்கும் மக்களின் வாகனங்களுக்கு விலக்குக் கிடைத்தது.

அல்லாஹ்வின் படைப்பான விலங்கும் காக்கப்பட வேண்டும், அங்கே வாழும் ஏழை விவசாயியும் நசுங்கிவிடக் கூடாது. இரண்டையும் எப்படிச் சேர்ப்பது? இதே கேள்வி உமர் (ரலி) அவர்களின் ஆட்சியிலும் வந்தது.

உமர் (ரலி) அவர்கள் கொடுத்த விலக்கு

அரசாங்கக் கால்நடைகள் மேய்வதற்காகச் சில நிலங்களை மற்றவர்கள் நுழையாதபடி ஒதுக்கிவைப்பது உண்டு. அதற்கு 'ஹிமா' என்று பெயர். உமர் (ரலி) அவர்கள் அதற்கு ஹுனைய் என்பவரைப் பொறுப்பாளராக நியமித்தார்கள். அவருக்கு அவர்கள் சொன்ன அறிவுரை புகாரியில் பதிவாகியிருக்கிறது.

மக்களிடம் பணிவாக நடந்துகொள், அநீதி இழைக்கப்பட்டவரின் துஆவுக்கு அஞ்சிக்கொள் என்று முதலில் எச்சரித்தார்கள். பிறகு, சில ஒட்டகங்களும் சில ஆடுகளும் மட்டுமே வைத்திருப்பவரை உள்ளே விடு என்றார்கள். அப்துர்ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி), உஸ்மான் இப்னு அஃப்பான் (ரலி) ஆகியோரின் மந்தைகளை மட்டும் விடாதே என்றார்கள். யார் இவர்கள்? சொர்க்கத்தைக் கொண்டு நன்மாராயம் கூறப்பட்ட பத்துப் பேரில் இருவர்! காரணத்தையும் உமர் (ரலி) அவர்களே சொன்னார்கள். அந்த இருவரின் கால்நடைகள் அழிந்தாலும் அவர்களுக்குப் பேரீச்சந்தோப்பும் விளைநிலமும் இருக்கின்றன. அந்த ஏழையின் கால்நடை அழிந்துவிட்டால் அவன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு என் வாசலில் வந்து நிற்பான், அவனை நான் கைவிட முடியுமா என்று கேட்டார்கள். அதோடு, இது அவர்களின் சொந்த ஊர், நான் அநீதி செய்துவிட்டதாக அவர்கள் கருதுவார்கள் என்பதையும் மனம் திறந்து ஒப்புக்கொண்டார்கள்.

சகோதரர்களே! இதுதான் நாம் தேடிய தராசு. ஒரு தடை நியாயமானதா என்பதை, அது யாரை நிறுத்துகிறது என்பதை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது. அது யாரை உள்ளே விடுகிறது என்றும் பார்க்க வேண்டும். செல்வாக்குள்ளவரின் கார் நுழைந்து, ஏழையின் தள்ளுவண்டி நிறுத்தப்பட்டால் அது அநீதி. வேறு வழி உள்ளவரை நிறுத்தி, வேறு வழியே இல்லாதவரை விட்டால் அது உமர் (ரலி) காட்டிய நீதி.

நாம் அடைக்கும் பாதைகள்

இப்போது நம்மைப் பார்ப்போம். திருமங்கலத்திலிருந்து கொல்லம் போகிற தேசிய நெடுஞ்சாலை நம் ஊரின் நடுவேதான் செல்கிறது. குற்றால சீசனிலும் சபரிமலைக் காலத்திலும் வாகனம் பெருகும். அப்போதெல்லாம் போலீஸ் போக்குவரத்தை மாற்றிவிட்டால் நமக்குக் கோபம் வருகிறது. ஆனால் நம் வீட்டு நிக்காஹுக்கு, மூன்று நாளைக்கு முன்பே தெருவை அடைத்துப் பந்தல் போடுகிறோமே, பக்கத்து வீட்டு நோயாளியிடம் ஒரு வார்த்தை கேட்டோமா? வீடு கட்டும்போது ஜல்லியும் மணலும் மாதக்கணக்கில் தெருவில் கிடக்கின்றன. ஜும்ஆவுக்கு வருகிற அவசரத்தில் பைக்கை அடுத்தவர் வாசலில் குறுக்கே நிறுத்துகிறோம். ஆம்புலன்ஸுக்கு வழி விடாவிட்டால் 10,000 ரூபாய் அபராதம் என்று சட்டம் சொல்கிறது. மறுமையில் கேட்கப்படும் கணக்கு அதைவிடப் பெரியது.

ஒரு போர்ப் பயணத்தில் மக்கள் கூடாரங்களை நெருக்கி அடித்துப் பாதையை மறித்துவிட்டார்கள். நபி (ஸல்) அவர்கள் ஓர் அறிவிப்பாளரை அனுப்பி, தங்குமிடத்தை நெருக்கியவருக்கும் பாதையைத் துண்டித்தவருக்கும் ஜிஹாதின் நன்மை இல்லை என்று அறிவிக்கச் செய்தார்கள். அறிவிப்பவர் முஆத் இப்னு அனஸ் (ரலி), நூல் அபூதாவூத். போருக்குப் போனவருக்கே அந்த நிலை என்றால், பிரியாணிப் பந்திக்காகப் பாதையை மறித்தவருக்கு என்ன நன்மை மிஞ்சும்?

ஒரு ஜும்ஆவில் ஒருவர் மக்களின் தோள்களைத் தாண்டிக்கொண்டு முன்னே வந்தார். குத்பா ஓதிக்கொண்டிருந்த நபி (ஸல்) அவர்கள், உட்காரும், நீர் மக்களுக்குத் தொல்லை கொடுத்துவிட்டீர் என்றார்கள். முன் வரிசையின் நன்மையைத் தேடி வந்தவர்தான் அவர். ஆனாலும் அடுத்தவருக்குத் தொல்லை தந்து அதைத் தேட அனுமதி இல்லை.

நாம் செய்ய வேண்டியவை

ஒரு தெரு அடைக்கப்பட்டால் முதலில் காரணத்தை விசாரியுங்கள். வாட்ஸ்அப்பில் வந்ததை வைத்து, நம் தெருவை மட்டும் குறிவைக்கிறார்கள் என்று கொதிக்காதீர்கள். செய்தியைத் தீர விசாரிக்கச் சொல்கிறது ஹுஜுராத் அத்தியாயம்.

இரண்டாவது, தெரிந்துகொள்ளும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 115 பொதுப் பாதுகாப்புக்காக வாகனங்களைக் கட்டுப்படுத்த அரசுக்கு அதிகாரம் தருகிறது. ஒரு மாதத்துக்கு மேற்படாத தடையென்றால் அரசிதழில் அறிவிக்க வேண்டியதில்லை, ஆனால் அந்தப் பகுதி மக்களுக்குத் தெரியப்படுத்த வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. எத்தனை நாள், எந்த நேரம், மாற்று வழி எது என்று கேட்பது கலகம் அல்ல.

மூன்றாவது, இரவோடு இரவாகத் தடுப்பைத் தூக்கி எறிவதோ, பதிலுக்கு மெயின் ரோட்டை மறித்து அடுத்த ஊர்க்காரரை வெயிலில் நிறுத்துவதோ நம் வழியாக இருக்கக் கூடாது. ஜமாஅத்தில் கூடிப் பேசுங்கள். நகராட்சியிடம், காவல் துறையிடம், தேவைப்பட்டால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனுக் கொடுங்கள். அந்த மனுவில் உங்கள் வசதியை மட்டும் எழுதாதீர்கள். டயாலிசிஸுக்குப் போகிறவர், கர்ப்பிணி, தள்ளுவண்டிக்காரர், ஆட்டோ ஓட்டுபவர் ஆகியோரை முன்னால் எழுதுங்கள்.

அந்த இரண்டு பேரையும் அன்று மஃரிபுக்குப் பிறகு ஒன்றாக உட்கார வைத்தேன். இருவரும் ஒரே தெருவில் வந்துபோனாலும், ஒருவர் கஷ்டம் மற்றவருக்குத் தெரிந்திருக்கவில்லை. ஆட்டோ தம்பியின் நிலையைக் கேட்டுவிட்டு அந்தப் பெரியவர், "நான் நிம்மதியா நடக்குறதுக்கு இவன் பிள்ளைங்க பசியோட இருக்கணும்னா எனக்கு அது வேண்டாம்" என்றார். தம்பியோ, "பள்ளிக்கூடம் விடுற அந்த நெருக்கத்துல நானும் வேகமாத்தான் போயிருக்கேன் வாப்பா" என்று தலை குனிந்தார். தடுப்பு இருக்கட்டும், தெரு முனையில் ஆட்டோக்கள் நிற்க ஓர் இடம் வேண்டும், நோயாளியும் முதியவரும் வரும் ஆட்டோவை உள்ளே விட வேண்டும் என்று ஒரே மனுவில் இருவரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். முடிவு என்ன வரும் என்று தெரியாது, துஆச் செய்யுங்கள்.

சபைகளில் இடம் விட்டுக் கொடுங்கள், அல்லாஹ் உங்களுக்கு இடத்தை விசாலமாக்குவான் என்ற கருத்தில் முஜாதலா அத்தியாயம் 11ஆம் வசனம் நமக்கு வாக்களிக்கிறது. சபையில் இடம் விடுவதற்கே இந்த வாக்குறுதி என்றால், அவசரத்தில் போகிறவருக்குப் பாதை விடுபவருக்கு அல்லாஹ் எவ்வளவு விசாலமாக்குவான்!

வல்ல ரஹ்மான் நம் அனைவரையும் பாதையின் உரிமையைப் பேணுபவர்களாகவும், பலவீனருக்காகப் பேசுபவர்களாகவும், ஸிராத்துல் முஸ்தகீமில் தடையின்றி நடப்பவர்களாகவும் ஆக்கி அருள்வானாக! ஆமீன்.