பழைய கேனுக்குப் புது மூக்கு: ஒரு சொட்டும் சிந்தாம ஊத்தலாம் வாங்க!

களைவெட்டி, ஜெனரேட்டர், மருந்தடிக்கிற ஸ்பிரேயர் என்று இப்போ தோட்டம் உள்ள வீட்டில் எல்லாம் ஒரு சின்ன இன்ஜினாவது இருக்கு. அதுக்குப் பெட்ரோல் ஊற்றும்போது கால்வாசி தரையில் போனால் வயிறு எரியுமா எரியாதா? பரணில் கிடக்கும் பழைய இரும்பு கேனை எடைக்குப் போட்டுடாதீங்க. அதுக்குப் பொருத்தமான மூக்குக் குழாய் ஒன்று வாங்கிப் பத்திரமா வச்சுக்கிட்டால், புது கேன் வாங்குற காசு மிச்சம்.

1. கடைக்குப் போகும்போது கேனைத் தூக்கிச் சுமக்க வேண்டாம், அதோட மூடி போதும். மூடியையும் மூக்கின் கழுத்தையும் வாயோடு வாய் வைத்துப் பாருங்க. விட்டமும் ஒத்துப்போகணும், மரையின் நெருக்கமும் ஒத்துப்போகணும். கேன் காலியா இருக்கிற நாளாப் பார்த்து மூடியைக் கழற்றுங்க.

2. ராணுவ வண்டிகளில் பார்ப்போமே, மூணு கைப்பிடி வைத்த 20 லிட்டர் கேன், அதில் ரெண்டு வகை உண்டு. 1930-களில் ஜெர்மனியில் உருவான கேனுக்கு நெம்பித் திறக்கிற மூடி; அதைப் பார்த்து அமெரிக்கர்கள் செய்ததுக்குத் திருகு மூடி. ஒன்றுக்கான மூக்கு மற்றதில் உட்காரவே உட்காராது, அதனால 'எல்லாத்துக்கும் சேரும்' என்று கடைக்காரர் சொன்னாலும் மாட்டிப் பார்க்காமல் காசு கொடுக்காதீங்க.

3. மூக்குக்குள்ளே எட்டிப் பாருங்க. எண்ணெய் வர ஒரு வழி, காற்று உள்ளே போக மெல்லிய குழாய் ஒன்று, ரெண்டும் இருந்தால் அதுதான் நல்ல மூக்கு. காற்று வழி இல்லாததில் 'குபுக் குபுக்' என்று விட்டு விட்டு ஊற்றும். சிந்துறதில் பாதி அதனாலதான்.

4. காற்று வழி இல்லாத மூக்குதான் கையில் இருக்கா? வாய் ஓரமாக உள்ள சதுர கேன் என்றால், சாய்க்கும்போது வாய் மேல்பக்கம் வரும்படி பிடிங்க. அடியில் எண்ணெய் ஓட, மேலே காற்று நுழைய, சீரா விழும். காற்றுக்கு என்று கேனில் டிரில் போட்டுடாதீங்க, காலி கேனுக்குள்ளும் ஆவி நிற்கும், ஒரு பொறி போதும்.

5. பெட்ரோல் காரின் வாயில் உள்ளே ஒரு குறுகலான தடுப்பு இருக்கும். பங்கில் உள்ள பெட்ரோல் குழாயின் முனை சுமார் 21 மில்லிமீட்டர்தான். அதைவிடத் தடித்த மூக்கு உள்ளே போகாது. களைவெட்டிக்கும் ஸ்பிரேயருக்கும் வளைகிற மெல்லிய மூக்குதான் சுகம்.

6. தேய்ந்த ரப்பர் வளையத்துக்குப் பதிலா சைக்கிள் ட்யூபை வெட்டிப் போடுறது நம்ம ஊர் வழக்கம். தண்ணீர்க் குழாய்க்குச் சரி, பெட்ரோலுக்கு வேண்டாம். ஊறி உப்பிக் குழைஞ்சுடும். வண்டி உதிரிபாகக் கடையில் 'பெட்ரோல் தாங்குற நைட்ரைல் வளையம்' என்று கேளுங்க. இப்போ பங்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், அது பழைய ரப்பரை இன்னும் சீக்கிரம் தின்னும். அதனால ரெண்டா வாங்கி, ஒன்றைச் சின்னக் கவரில் போட்டுத் தனியா வைங்க.

7. கசிவு இருக்கா என்று பார்க்கச் சாக்பீஸ் போதும். கொஞ்சம் டீசல் ஊற்றி, மூக்கை மாட்டி, முனையை அடைத்து, இணைப்பைச் சுற்றிச் சாக்பீஸை நன்றாத் தேய்ச்சுட்டு கேனைப் படுக்க வைங்க. கசிந்தால் வெள்ளையில் கருப்பா ஈரக் கோடு தெரியும்.

8. ஊற்றி முடிச்சதும் மூக்கை உடனே கழற்றாதீங்க. கேனை நிமிர்த்தி வைத்து லேசாத் தட்டினால் மூக்கில் தங்கினது கேனுக்கே திரும்பிடும். அப்புறம் கழற்றி, வெயில் படாத திறந்த இடத்தில் தலைகீழாத் தொங்கவிடுங்க. துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாமல், விரித்து வெளியிலேயே காய விடுங்க.

9. மூக்கைத் திறந்தபடி வைத்தால் குளவி மண்ணை அடைச்சுக் கூடு கட்டிடும். அது தெரியாமல் ஊற்றினால் மண் அப்படியே கார்புரேட்டருக்குப் போய், மெக்கானிக் செலவு வந்து சேரும். நன்றாக் காய்ந்த பிறகு ரெண்டு முனையிலும் பழைய பருத்தித் துணியைச் சுற்றி நூலால் கட்டுங்க, வேலை முடிஞ்சது.

10. சில கேன்களில் மூக்கைத் திருப்பி உள்ளேயே செருகி வைக்கலாம். ரெண்டு மூணு நாளைக்குச் சரி, மாதக்கணக்கில் வேண்டாம். வளையம் ஊறிக்கிட்டே இருக்கும். எலிக்கு எட்டாத உயரத்தில் ஆணியில் மாட்டுறதே மேல்.

11. கேன் இருக்கிற இடத்துக்குப் பக்கத்தில் அடுப்பு, பூஜை விளக்கு, இன்வெர்ட்டர் பேட்டரி எதுவும் வேண்டாம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு தவழ்ந்து போய் நெருப்பைத் தேடிப் பிடிக்கும்.

12. பெட்ரோலுக்கு ஒரு மூக்கு, டீசலுக்கு ஒரு மூக்கு. கழுத்தில் ஆளுக்கொரு நிறப் பெயிண்ட் தடவிட்டால் இருட்டிலும் டார்ச் வெளிச்சத்தில் தெரியும். சமையலறைப் புனலை இந்த வேலைக்கு எடுக்கவே எடுக்காதீங்க. எத்தனை தடவை கழுவினாலும் வாடை போகாது.

13. விற்பனைக்கு இல்லாமல் வீட்டு உபயோகத்துக்கு மொத்தம் 30 லிட்டர் வரை பெட்ரோல் வைத்துக்கொள்ள உரிமம் வேண்டாம் என்கிறது 1934-ம் வருஷப் பெட்ரோலியச் சட்டம். அதையும் இறுக்கி மூடிய பாத்திரத்தில்தான் வைக்கணும், உலோக கேன் என்றால் ஒவ்வொன்றும் 25 லிட்டருக்கு மேல் போகக் கூடாது. தண்ணீர் பாட்டிலில் வாங்குறதை இதோடு விட்டுடுங்க.

14. கேனை நிரப்பும்போது வண்டி மேலேயே வைத்து நிரப்பாதீங்க, தரையில் இறக்கி வைங்க, நிலைமின்சாரம் சேராது. வெயிலில் பெட்ரோல் விரியும், கழுத்துக்குக் கீழே கொஞ்சம் இடம் விடுங்க.

15. அடியில் ஊசித் துளை விழுந்த கேனைப் பற்ற வைக்கப் பட்டறைக்குக் கொடுக்காதீங்க. உள்ளே மிச்சமிருக்கும் ஆவி வெடிச்சு உயிர் போகும். அந்தக் கேனை மட்டும் தயங்காமல் எடைக்குப் போடுங்க. மூடியையும் மூக்கையும் கழற்றி வச்சுக்கிட்டால் அதே வாய் உள்ள இன்னொரு கேனுக்கு உதவும்.