மெமோவும் மாத்திரைச் சீட்டும்

நம்பிக்கை: மனநலச் சிகிச்சை எடுப்பது தெரிந்தால் வேலையை விட்டு அனுப்ப நிர்வாகத்துக்கு உரிமை உண்டு.

உண்மை: கிடையாது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பட்டியலில் மனநோயும் இருக்கிறது. அரசு வேலை என்றால் பிரிவு 20 கறாரானது. பணிக்காலத்தில் பாதிப்பு வந்தவரை நீக்கக் கூடாது, பதவியிறக்கக் கூடாது. பழைய வேலை முடியாவிட்டால் அதே சம்பளத்தில் வேறு வேலை. அதற்கும் இடமில்லை என்றால் உபரிப் பணியிடம். தனியாருக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. ஆனால் பாகுபாடு கூடாது என்ற பொது விதியும், சமவாய்ப்புக் கொள்கையை அறிவிக்க வேண்டும் என்ற பிரிவு 21-உம் அவர்களுக்கும் உண்டு. உங்கள் கம்பெனியில் அந்தக் கொள்கையைக் கேட்டுப் பாருங்கள், ஹெச்.ஆரே முழிக்கக்கூடும்.

நம்பிக்கை: ஒழுங்கு நடவடிக்கை என்று வந்துவிட்டால் நோயைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

உண்மை: பலரும் தோற்றுப்போவது இங்கேதான். ‘நோயாளி’ என்று எழுதி யாரும் மெமோ கொடுப்பதில்லை. எரிந்து விழுந்தார், மேலதிகாரியை எதிர்த்துப் பேசினார் என்றுதான் கொடுப்பார்கள். மத்திய ரிசர்வ் போலீஸ் படை அதிகாரி ரவீந்தர் குமார் தாரிவால் மீது 2010-இல் தொடங்கிய விசாரணையிலும் தகாத வார்த்தை பேசினார் என்பது ஒரு குற்றச்சாட்டு. அவருக்கு ஓ.சி.டி. என்ற எண்ணச் சுழற்சி நோயும் மனச்சோர்வும் இருந்தன. 2021 டிசம்பரில் நீதிபதி சந்திரசூட் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு அந்த நடவடிக்கையை ரத்து செய்தது. நோய் மட்டுமே காரணம் என்று காட்ட வேண்டியதில்லை, காரணங்களில் ஒன்றாக இருந்தாலே போதும் என்றது. அதற்காகப் பழைய பொறுப்பையே கொடுத்தாக வேண்டும் என்று சொல்லிவிடவில்லை. துப்பாக்கி கையாளாத பணிக்கு மாற்றலாம், சம்பளத்தில் கைவைக்கக் கூடாது.

நம்பிக்கை: டாக்டரே ஆபீசுக்குச் சொல்லிவிடுவார்.

உண்மை: 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் பிரிவு 23 அவர் வாயைக் கட்டுகிறது. விதிவிலக்குகள் சிலவே.

நம்பிக்கை: 40 சதவீத மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் இல்லாவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது.

உண்மை: அந்த அளவு இடஒதுக்கீட்டுக்குத்தான், பாகுபாட்டைத் தட்டிக்கேட்க அல்ல. அதற்காக ஒரு வாரச் சோர்வு சட்டம் சொல்லும் மனநோயில் சேராது. நீண்டகாலம் நீடித்து, அன்றாட வாழ்க்கையைக் கடுமையாகக் குலைக்க வேண்டும்.

நம்பிக்கை: மரியாதையாக ராஜினாமா செய்துவிடுவதே நல்லது.

உண்மை: நிர்வாகத்துக்கு நல்லது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, மிரட்டி வாங்கினார்கள் என்று பிறகு நிரூபிப்பது பெரும்பாடு. கையெழுத்துப் போடுமுன், நைட் ஷிஃப்டிலிருந்து மாற்றமோ சிகிச்சைக்கு நேரமோ, தேவையானதை எழுத்தில் கேளுங்கள். கேட்டது நியாயமான வசதியாக இருந்து, நிர்வாகத்துக்குத் தாங்க முடியாத சுமையும் இல்லை என்றால், மறுப்பதே பாகுபாடு. மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் புகார் கொடுக்கலாம்; கடித நகலையும் சேர்த்து அனுப்புங்கள்.