வாசல் விளக்கு வைக்க பெயிண்ட்டும் எக்ஸெலும் போதும்

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் எல்லோரும் கேட்கும் கேள்வி, "இதை வைத்து வீட்டுக்கு உபயோகமாக என்ன செய்யலாம்?" என்பதுதான். இந்த மாதம் அப்படி ஒரு வேலையைப் பார்ப்போம். வீட்டுக்கு வெளியே பாதுகாப்பு விளக்கை எங்கே வைப்பது, எதை வாங்குவது என்பதை உங்கள் கம்ப்யூட்டரிலேயே திட்டமிடலாம்.

முதலில் நான் செய்த தவறைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீடு நெய்வேலி நகரியத்தில் இருக்கிறது. தெருவெல்லாம் மரங்கள், வீட்டைச் சுற்றித் தோட்டம். அப்பாவுக்கு ஷிப்ட் வேலை என்பதால் பல இரவுகளில் அம்மா தனியாக இருப்பார். வேலை கிடைத்துச் சென்னைக்கு வந்த நான், முதல் வருடம் 50 வாட்ஸ் எல்.இ.டி. ஃபிளட் லைட் ஒன்றை வாங்கிப் போய், வாசல் கதவுக்கு மேலே கேட்டைப் பார்த்தபடி மாட்டினேன். பகல் போல வெளிச்சம். அம்மாவுக்கு ஒரே சந்தோஷம்.

இரண்டாவது வாரம், இரவு ஷிப்ட் முடிந்து வந்த அப்பா, கேட்டைத் திறந்ததும் கண் கூசி, படி இருப்பது தெரியாமல் விழுந்தார். மணிக்கட்டில் எலும்பு முறிவு. பொறியியல் படித்த பிள்ளை போட்ட விளக்கு அது! அதன் பிறகுதான் உட்கார்ந்து யோசித்தேன்.

வெளிச்சம் கூடினால் பாதுகாப்பும் கூடும் என்று நினைக்கிறோம். ஆனால் விளக்கு நேராகக் கண்ணில் அடித்தால், கண்மணி சுருங்கிவிடும். பக்கத்தில் உள்ள நிழல் இன்னும் இருட்டாகத் தெரியும். அங்கே ஆள் நின்றாலும் தெரியாது. எனவே விதி ஒன்றுதான்: வெளிச்சம் வருபவர் முகத்திலும் தரையிலும் விழ வேண்டும், யார் கண்ணையும் கூசச் செய்யக் கூடாது.

படி 1: பெயிண்ட்டில் வரைபடம்

ஸ்டார்ட் மெனுவில் பெயிண்ட் புரோகிராமைத் திறந்திடுங்கள். ஒரு மீட்டருக்கு 40 பிக்சல் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். 10 மீட்டர் அகல வீடு என்றால் 400 பிக்சல். நீங்கள் செவ்வகம் வரையும்போது அதன் அளவு கீழே உள்ள ஸ்டேட்டஸ் பாரில் தெரியும். வீடு, காம்பவுண்ட் சுவர், கேட், கிணறு, மரங்கள் எல்லாவற்றையும் குறித்திடுங்கள். கோடு நேராக வர, ஷிப்ட் கீயை அழுத்தியபடி இழுக்கவும்.

இரவில் ஒரு முறை வீட்டைச் சுற்றி நடந்து பாருங்கள். எங்கே தெருவிளக்கு வெளிச்சம் வருகிறது, எங்கே மரம் மறைக்கிறது என்று கவனித்து, இருட்டான இடங்களைப் படத்தில் கறுப்பாக்குங்கள். கேட்டிலிருந்து கதவு வரை நடக்கும் பாதையைச் சிவப்புக் கோடாக வரையுங்கள். பிறகு ஃபைலை சேவ் செய்திடுங்கள்.

படி 2: விளக்கின் இடம்

ஆள் வந்தால் மட்டும் எரியும் விளக்குகளில் பி.ஐ.ஆர். சென்சார் இருக்கும். உடலிலிருந்து வரும் வெப்பக் கதிர் ஒரு பகுதியிலிருந்து அடுத்த பகுதிக்கு நகர்வதை அது உணர்கிறது. ஆகவே சென்சாரை நோக்கி நேராக வருபவரை விட, குறுக்கே நடப்பவரை எளிதில் பிடிக்கும். உங்கள் சிவப்புக் கோடு சென்சாருக்குக் குறுக்கே போகும்படி, வீட்டின் பக்கவாட்டு மூலையைத் தேர்ந்தெடுங்கள். சுமார் இரண்டரை மீட்டர் உயரத்தில், தரையைப் பார்த்துச் சாய்த்து மாட்டினால் கண் கூசாது, பக்கத்து வீட்டு ஜன்னலிலும் அடிக்காது.

வெயில் காய்ந்த கிளை காற்றில் ஆடினாலும், ஏ.சி.யின் வெளிப்பெட்டியிலிருந்து சூடான காற்று வந்தாலும் சென்சார் ஏமாறும். இரண்டையும் அதன் பார்வையிலிருந்து தள்ளி வையுங்கள். அக்னி நட்சத்திர நாட்களில் சுற்றுப்புறச் சூடு உடல் சூட்டை நெருங்குவதால் சென்சார் பிடிக்கும் தூரம் குறையும். புழுக்கமான மாலையில் ஒரு முறை நடந்து சோதித்துவிடுங்கள். கேமரா வைத்திருப்பவர்கள், விளக்கு கேமராவின் பார்வைக்குள் வராதபடி பார்த்துக்கொள்ளவும்.

படி 3: எதை வாங்குவது?

அட்டைப்பெட்டியில் வாட்ஸை மட்டும் பார்க்காதீர்கள். வாட்ஸ் என்பது செலவு. லூமென் என்பது வெளிச்சம். வீட்டு வாசலுக்கு 800 முதல் 1,000 லூமென் தாராளம். மழையில் நனையும் இடத்துக்கு ஐ.பி.65 என்று போட்டிருப்பதை வாங்குங்கள். 6 என்றால் தூசி புகாது, 5 என்றால் பீய்ச்சும் தண்ணீரைத் தாங்கும். 3,000 கெல்வின் அளவுள்ள மஞ்சள் ஒளிக்கு, 6,500 கெல்வின் வெள்ளை ஒளியை விடப் பூச்சிகள் குறைவாக வரும்.

படி 4: எக்ஸெலில் செலவு

எக்ஸெல் இல்லாதவர்கள் இலவசமான லிப்ரே ஆபீஸ் கால்க் பயன்படுத்தலாம். ஏ பத்தியில் விளக்கின் பெயர், பி பத்தியில் வாட்ஸ், சி பத்தியில் தினமும் எரியும் மணி. டி2 கட்டத்தில் =பி2*சி2*30/1000 என்று டைப் செய்து (எழுத்துகளை மட்டும் ஆங்கிலத்தில் தரவும்) என்டர் தட்டுங்கள். மாத யூனிட் வந்துவிடும்.

60 வாட்ஸ் குண்டு பல்பு, 12 மணி நேரம்: 21.6 யூனிட்
50 வாட்ஸ் ஃபிளட் லைட், 12 மணி நேரம்: 18 யூனிட்
10 வாட்ஸ் எல்.இ.டி., 12 மணி நேரம்: 3.6 யூனிட்
10 வாட்ஸ் சென்சார் விளக்கு, 2 மணி நேரம்: 0.6 யூனிட்

வீட்டைச் சுற்றி நிலக்கரி தோண்டி மின்சாரம் எடுக்கும் ஊரில் வளர்ந்தவன் நான். ஒரு யூனிட்டுக்குப் பின்னால் எவ்வளவு மண் புரட்டப்படுகிறது என்பதைச் சின்ன வயதிலிருந்தே பார்த்திருக்கிறேன். 18 யூனிட்டை 0.6 ஆக்குவது சாதாரண விஷயமல்ல.

ஒயரிங் வேலையை மட்டும் எலெக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள். மாட்டி முடித்ததும், வீட்டுக்குள் விளக்கை அணைத்துவிட்டு ஜன்னல் வழியாகப் பாருங்கள். கேட்டில் நிற்பவரின் முகம் அடையாளம் தெரிகிறதா? தெரிந்தால் உங்கள் திட்டம் சரி.

எங்கள் வீட்டில் இப்போது 10 வாட்ஸ் விளக்கு இரண்டு, இரு மூலைகளில். அப்பா கேட்டைத் திறந்து இரண்டடி வைத்ததும் படி தெரிகிறது. உள்ளிருந்து அம்மாவுக்கு முகம் தெரிகிறது. பெல் அடிப்பதற்குள் கதவு திறந்துவிடுகிறது. நீங்களும் இந்த ஞாயிற்றுக்கிழமை பெயிண்ட்டைத் திறந்து வரைந்து பாருங்களேன்!